இலவச ஈஎம்ஆருக்கு விலை கொடுத்தது யார்? பிராக்டிஸ் ஃபியூஷன் வழக்கும் அமெரிக்க கிளினிக்குகளின் மென்பொருள் தேர்வும்

இரண்டு மூன்று டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அமெரிக்க கிளினிக் மின்னணு மருத்துவப் பதிவேட்டு (ஈஎம்ஆர்) மென்பொருள் வாங்கக் கிளம்பினால், முதலில் கையில் எடுப்பது ஒப்பீட்டு அட்டவணையைத்தான். மாதக் கட்டணம் எவ்வளவு, பில்லிங் உண்டா, மொபைலில் ஓடுமா, வீடியோ கன்சல்டேஷன் இருக்கிறதா, எத்தனை நட்சத்திரம். 2010களில் இந்த அட்டவணைகளில் விலைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டு நின்ற பெயர் பிராக்டிஸ் ஃபியூஷன். சான் பிரான்சிஸ்கோவில் 2005இல் தொடங்கிய நிறுவனம். மென்பொருள் இணையத்திலேயே ஓடும், சர்வர் வாங்க வேண்டாம், அன்றைக்கே பதிவு செய்து அன்றைக்கே நோயாளியைப் பார்க்கலாம். டாக்டர் காசு கொடுக்க வேண்டாம்.

2020 ஜனவரி 27ஆம் தேதி, அமெரிக்க அரசின் சார்பில் வழக்கு நடத்தும் துறையான நீதித்துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. குற்றவியல், உரிமையியல் விசாரணைகள் இரண்டையும் முடித்துக்கொள்ள பிராக்டிஸ் ஃபியூஷன் 145 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்திருக்கிறது. பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்கக்கூடிய ஓபியாய்ட் வகை வலி மருந்து விற்கும் ஒரு நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு, டாக்டரின் திரையில் வரும் மருத்துவ அறிவுறுத்தலையே அந்த மருந்துக்குச் சாதகமாக அமைத்துக் கொடுத்தது என்பதுதான் குற்றச்சாட்டின் மையம். மருத்துவப் பதிவேட்டு நிறுவனம் ஒன்றின்மீது இப்படிக் குற்றவியல் நடவடிக்கை பாய்ந்தது அதுவே முதல் தடவை.

இந்தத் துறையில் மென்பொருளை ஒப்பிட்டுப் பார்க்க நீதித்துறையின் சமரச ஆவணங்களைவிட நல்ல அட்டவணை கிடையாது என்பது என் கட்சி. விற்பனைக் கையேடு தன் நிறுவனம் செய்வதைச் சொல்லும். வழக்குக் காகிதம் அது எதைச் செய்யாமல் செய்ததாகக் காட்டியது என்பதைச் சொல்லும். இந்த ஆய்வில் பிராக்டிஸ் ஃபியூஷனை நடுவில் வைத்து, அதோடு சந்தையில் போட்டியிட்ட ஈகிளினிக்கல்வொர்க்ஸ், கிரீன்வே, நெக்ஸ்ட்ஜென், அதீனாஹெல்த் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அரசுப் பணம் வந்த விதம்

2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு கொண்டுவந்த பொருளாதார மீட்புச் சட்டத்துக்குள் ஹைடெக் சட்டம் என்று ஒரு பகுதி இருந்தது. காகிதக் கோப்பைக் கைவிட்டு மின்னணுப் பதிவேட்டுக்கு மாறும் டாக்டருக்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வழியாக 44,000 டாலர் வரையிலும், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு வழியாக 63,750 டாலர் வரையிலும் ஊக்கத்தொகை என்றது அது. நிபந்தனைகள் இரண்டு. மென்பொருள் அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பிடம் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். டாக்டர் அதைப் 'பொருளுள்ள முறையில்' பயன்படுத்துவதாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

2008இல் தனி கிளினிக் டாக்டர்களில் 42 சதவீதம் பேரிடம்தான் ஏதாவது ஒரு மின்னணுப் பதிவேடு இருந்தது. 2021இல் அது 88 சதவீதம். 30 பில்லியன் டாலருக்கு மேல் ஊக்கத்தொகையாகப் போயிருக்கிறது. இவ்வளவு பணம் ஒரு சான்றிதழைச் சுற்றி ஓடினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மென்பொருள் நிறுவனங்களுக்கு டாக்டர் வாடிக்கையாளர்தான். ஆனால் அவசரமாகத் திருப்திப்படுத்த வேண்டிய ஆள் சோதனை அமைப்பின் அதிகாரி.

இந்த இரண்டாவது நிபந்தனைக்குள் வரும் ஒரு விதி இந்தக் கதைக்கு முக்கியம். ஊக்கத்தொகை பெறும் டாக்டர், முடிவெடுக்க உதவும் அறிவுறுத்தல்களை மென்பொருளில் இயக்கி வைத்திருக்க வேண்டும். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அப்படிக் குறைந்தது ஐந்து வேண்டும் என்று விதி. சர்க்கரை நோயாளிக்குக் கண் பரிசோதனை ஆகிவிட்டதா, இந்த மருந்தும் அந்த மருந்தும் மோதுமா என்றெல்லாம் திரையில் எழும் சின்னப் பெட்டிகள் அவை. நல்ல நோக்கத்தில் வந்த விதி. டாக்டர் மருந்து எழுதும் கணத்தில் அவர் கண்முன் நிற்கும் இடம் அது. அந்த இடத்தை ஒருநாள் யாராவது விலைபேசுவார்கள் என்பதை விதி எழுதியவர்கள் எந்த அளவுக்கு யோசித்தார்கள் என்பது வேறு கேள்வி. ஏனென்றால் 2014 பதிப்புச் சான்றிதழ் விதியிலேயே, ஓர் அறிவுறுத்தலை யார் உருவாக்கினார்கள், யார் நிதி கொடுத்தார்கள் என்பதை டாக்டர் பார்க்க வசதி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுத்தில் இருந்தது. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அதை யார் திறந்து பார்ப்பார்கள்?

வலிப் பெட்டி

பிராக்டிஸ் ஃபியூஷன் எதில் சம்பாதித்தது? முதலில் திரையோர விளம்பரம். மருந்து நிறுவனங்களும் பரிசோதனைக் கூடங்களும் விளம்பரம் கொடுத்தன. பிறகு பெயர் நீக்கிய நோயாளித் தரவை விற்றது. இவை எதுவும் ரகசியமல்ல. இலவசமாக எப்படித் தருகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு நிறுவனமே சொன்ன பதில் இதுதான். 

முதல் விரிசல் வேறு பக்கம் தெரிந்தது. நோயாளிகளுக்கு, டாக்டரே அனுப்பியதுபோலத் தோன்றும் மின்னஞ்சல்கள் போயின: உங்கள் சிகிச்சை அனுபவம் எப்படி, எழுதுங்கள். டாக்டருக்குத்தான் எழுதுகிறோம் என்று நினைத்து மருந்தின் பெயர், நோயின் விவரம், சிலர் தொலைபேசி எண் வரை எழுதிவிட்டார்கள். 2013இல் நிறுவனம் தொடங்கிய டாக்டர் மதிப்பீட்டுத் தளத்தில் அவை பொதுவெளியில் வந்தன. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2016 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. அந்த வருடம் இந்த மென்பொருளை வாங்க நினைத்த டாக்டருக்கு இதுவே போதுமான எச்சரிக்கை. ஒப்பீட்டு அட்டவணைகளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அதே 2016இல்தான் பெரிய காரியம் நடந்தது. விளம்பர வருமானம் போதாமல், அறிவுறுத்தல் பெட்டிகளுக்கே 'ஆதரவாளர்' தேடத் தொடங்கியிருந்தது நிறுவனம். ஓபியாய்ட் நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 10 லட்சம் டாலர் கொடுத்தது. பதிலுக்கு வலி பற்றிய ஒரு பெட்டி தயாரானது. அதை எப்படி அமைப்பது என்ற பேச்சில் மருந்து நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவினர் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளியின் வலி அளவைக் கேள், வலிக்குச் சிகிச்சைத் திட்டம் போடு என்று பெட்டி நினைவூட்டும். திட்டத்துக்கான தேர்வுப் பட்டியலில் நீண்ட நேரம் வேலை செய்யும் ஓபியாய்டும் ஒரு தேர்வாக நிற்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே 2016 மார்ச்சில்தான், நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டை முதல் வழியாகக் கொள்ளாதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது.

ஓர் உத்தரவும் இல்லை. ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்ட் மாத்திரையை எழுது என்று எந்தப் பெட்டியும் சொல்லவில்லை. சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நோயாளிகளைப் பார்க்கும் டாக்டரின் கண்ணில் ஒரே கேள்வியையும் ஒரே பட்டியலையும் திரும்பத் திரும்பக் காட்டினால் போதும். 2016 ஜூலையிலிருந்து 2019 வசந்தகாலம் வரை அந்தப் பெட்டி சுமார் 23 கோடி தடவை திரையில் எழுந்திருக்கிறது. பெட்டியைப் பார்த்த டாக்டர்கள், பார்க்காதவர்களைவிட அதிக விகிதத்தில் நீண்ட நேர ஓபியாய்டுகளை எழுதினார்கள் என்று வழக்கு ஆவணம் சொல்கிறது. வலிப் பெட்டி மட்டுமல்ல, மருந்து நிறுவனங்களோடு செய்துகொண்ட இதுபோன்ற வேறு 13 ஏற்பாடுகளும் விசாரணையில் வந்தன.

2020 அறிவிப்பில் மருந்து நிறுவனத்தின் பெயர் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ஆக்ஸிகான்டினைத் தயாரிக்கும் பர்டியூ ஃபார்மா குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஒப்புக்கொண்டவற்றில் பிராக்டிஸ் ஃபியூஷனுக்குக் கொடுத்த பணமும் இருந்தது.

145 மில்லியனில் குற்றவியல் அபராதமும் பறிமுதலும் 26 மில்லியனுக்கு மேல். மீதி சுமார் 118 மில்லியன் உரிமையியல் சமரசத் தொகை. அந்த உரிமையியல் பகுதியில் செய்தித்தாள்கள் அதிகம் பேசாத இன்னொரு விஷயம் இருக்கிறது. நோயாளிப் பதிவுகளை வெளியே எடுத்துக்கொண்டு போகும் வசதி, பொதுவான மருத்துவச் சொற்பட்டியல்களைப் பயன்படுத்துவது ஆகிய சான்றிதழ் நிபந்தனைகளை மென்பொருள் நிறைவேற்றவில்லை, நிறைவேற்றியதாகக் காட்டிச் சான்றிதழ் பெற்றார்கள் என்பது அந்தக் குற்றச்சாட்டு. ஒரு கிளினிக்கைப் பொறுத்தவரை வலிப் பெட்டியை அணைத்துவிட்டால் முடிந்தது. பதிவுகளை எடுக்க முடியாவிட்டால் மென்பொருளை விட்டே போக முடியாது.

இதற்குள் உரிமையாளர் மாறிவிட்டார். 2018 ஜனவரியில் ஆல்ஸ்கிரிப்ட்ஸ் என்ற இன்னொரு மருத்துவ மென்பொருள் நிறுவனம் 100 மில்லியன் டாலருக்கு பிராக்டிஸ் ஃபியூஷனை வாங்குவதாக அறிவித்தது. அப்போது 30,000 கிளினிக்குகள் அதைப் பயன்படுத்தின. மாதம் 50 லட்சம் நோயாளிகளின் வருகை அதில் பதிவானது. அந்த ஆண்டே இலவசத் திட்டம் நின்று, ஒரு டாக்டருக்கு மாதம் சுமார் 100 டாலர் என்றானது. வழக்கை முடிக்கக் கட்டச் சம்மதித்த 145 மில்லியன், நிறுவனத்தை வாங்கிய விலையைவிட அதிகம்.

எட்டு போட மட்டும் தெரிந்த வண்டிகள்

பிராக்டிஸ் ஃபியூஷனைப் பார்த்துவிட்டு, சரி, இலவசத்தை நம்பக் கூடாது, காசு கொடுத்து வாங்கினால் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டினால் தவறு. காசு வாங்கிய நிறுவனங்களின் கதை வேறு மாதிரி.

மாசசூசெட்ஸின் ஈகிளினிக்கல்வொர்க்ஸ் 1999இல் தொடங்கியது. சிறு, நடுத்தர கிளினிக்குகளில் மிகவும் பரவலாக ஓடும் மென்பொருள்களில் ஒன்று. விலையை ஒளிக்காமல் வெளியிடும் வழக்கம் அதற்கு உண்டு. பதிவேடு மட்டும் என்றால் ஒரு டாக்டருக்கு மாதம் 449 டாலர், கிளினிக் நிர்வாகமும் சேர்த்தால் 599 என்று பல காலம் பட்டியல் போட்டிருந்தது. 2017 மே மாதம் அது 155 மில்லியன் டாலருக்கு அரசோடு சமரசம் செய்தது. மருந்துச் சீட்டில் தரப்படுத்தப்பட்ட மருந்துக் குறியீடுகளை எடுத்துப் பயன்படுத்தும் திறன் வேண்டும் என்பது விதி. முழுக் குறியீட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கும் வசதியைச் செய்யாமல், சோதனையில் கேட்கப்போகும் 16 குறியீடுகளை மட்டும் நிரலுக்குள் நேரடியாக எழுதி வைத்துவிட்டார்கள் என்பது அரசின் குற்றச்சாட்டு. ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட மட்டும் பழகி லைசென்ஸ் வாங்கியவர் அண்ணா சாலைக்கு வண்டியை எடுத்து வந்ததுபோல. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமல் பணத்தைக் கட்டியது.

இதைக் கண்டுபிடித்தவர் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் அந்த மென்பொருளை நிறுவும் வேலையில் இருந்த நியூயார்க் நகராட்சி ஊழியர் ஒருவர். அன்றாடம் அதில் வேலை செய்தவருக்குத் தெரிந்தது சோதனை அமைப்புக்குத் தெரியவில்லை.

கிரீன்வே 2019 பிப்ரவரியில் 57.25 மில்லியன் கட்டியது: சோதனைக்கென்று மென்பொருளை மாற்றிக் காட்டியது, நோயாளிகளுக்குச் சிகிச்சைச் சுருக்கம் கொடுத்த சதவீதத்தைத் தப்பாகக் கணக்கிட்டது. நெக்ஸ்ட்ஜென் 2023 ஜூலையில் 31 மில்லியன்: சோதனைக்காகவே செய்த ஒரு துணை மென்பொருளை வைத்துச் சான்றிதழ் பெற்றது என்பது குற்றச்சாட்டு. இந்த மூன்றையும், பிராக்டிஸ் ஃபியூஷனையும் சேர்த்து நான்கு வழக்குகளையும் முன்னெடுத்தது வெர்மான்ட் மாநில கூட்டாட்சி வழக்கறிஞர் அலுவலகம். வெர்மான்ட்டின் மக்கள் தொகை ஏழு லட்சம்கூட இல்லை.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது, சான்றிதழ் எல்லா மென்பொருளிடமும் இருந்தது என்பதுதான். அட்டவணையில் 'அரசுச் சான்றிதழ்' என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ஒரே டிக். அந்த டிக்கை நம்பி, நாங்கள் விதிப்படி பயன்படுத்துகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஊக்கத்தொகை வாங்கியவர்கள் டாக்டர்கள்.

பக்கத்து கிளினிக்காரர் நல்லா இருக்குன்னார்

அட்டவணையை நம்பாதவர்கள் சக டாக்டரைக் கேட்பார்கள். அதிலும் ஓட்டை உண்டு.

அதீனாஹெல்த்தின் வியாபார முறை மற்றவர்களிலிருந்து மாறுபட்டது. கிளினிக் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வசூலிக்கும் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கை அது எடுத்துக்கொள்ளும். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய கட்டணக் கோரிக்கை, அதாவது கிளெய்ம், திரும்பினால் அதற்கும் நஷ்டம் என்பதால் பில்லிங்கில் அக்கறை கூடும். என் கணிப்பில் இந்தத் துறையில் நிறுவனத்தின் லாபமும் கிளினிக்கின் லாபமும் ஒரே திசையில் போகும் ஏற்பாடு இதுதான். ஆனால் 2021 ஜனவரியில் அதுவும் 18.25 மில்லியன் கட்டியது. வாங்கக் கூடியவர்களையும் வாடிக்கையாளர்களையும் பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்குச் செலவெல்லாம் ஏற்று அழைத்துப் போனது, புது டாக்டரைச் சேர்த்துவிட்ட வாடிக்கையாளருக்கு ஒரு டாக்டருக்கு 3,000 டாலர் வரை கொடுத்தது என்பவை குற்றச்சாட்டுகள். நெக்ஸ்ட்ஜென் வழக்கிலும் இப்படி ஒன்று: பரிந்துரை விற்பனையாக மாறினால் 10,000 டாலர் வரை வரவு. கிரீன்வே மீதும் பரிந்துரைக்குப் பணம் கொடுத்த குற்றச்சாட்டு இருந்தது.

எனவே அழைத்துப் பேச ஒரு வாடிக்கையாளரின் எண்ணை விற்பனையாளரே கொடுத்தால், அவர் சொல்வதைக் கேட்கலாம். கேட்டுவிட்டு, பரிந்துரைக்கு உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். சங்கடமான கேள்விதான்.

டாக்டரைவிட நேர்மையான பதில் கிடைக்கும் இடம் பில்லிங் அறை. சென்னையில் அமெரிக்க கிளெய்ம் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். அதீனாஹெல்த்துக்கே சென்னையில் பெரிய அலுவலகம் இருக்கிறது, பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை இரவு ஷிஃப்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பலருக்கும் இந்த மென்பொருள்களின் திரைகள் தலைகீழ்ப் பாடம். ஒரு மென்பொருளில் சிகிச்சைக் கட்டணத்தைப் பதியும் சார்ஜ் என்ட்ரியை முடிக்க எத்தனை கிளிக், கிளெய்ம் மறுக்கப்பட்டு டினையல் வந்தால் காரணம் அதே திரையில் தெரியுமா, பழைய பேமென்ட்டைத் தேடி எத்தனை ஜன்னல் திறக்க வேண்டும் என்பதெல்லாம் வராத பணத்துக்காகக் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்துக் கேட்கும் ஏஆர் காலருக்குத் தெரியும். நான் இந்தத் துறையில் பழகியவரை, டெமோவில் பளிச்சென்று தெரிந்த திரை பில்லிங் மேசையில் அழவைப்பதும், பார்க்கப் பழைய விண்டோஸ் மாதிரி இருப்பது சொன்ன வேலையைச் செய்வதும் அடிக்கடி நடக்கிறது. கிளினிக் வாங்கும் குழுவில் டாக்டரும் கணக்காளரும் இருப்பார்கள்; பில்லிங் பார்ப்பவரை டெமோவுக்கு அழைப்பதில்லை.

எபிக் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி: ஜூடி ஃபாக்னர் 1979இல் விஸ்கான்சினில் தொடங்கிய அந்த நிறுவனம் பெரிய மருத்துவமனைகளுக்கானது. சிறிய கிளினிக் அதை நேரடியாக வாங்குவதைவிட, பக்கத்துப் பெரிய மருத்துவமனை அமைப்பு தன் எபிக்கை நீட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். அப்படி வாங்கினால் மென்பொருளோடு அந்த மருத்துவமனையோடான உறவும் சேர்ந்து வரும். நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப நினைக்கும் கிளினிக் அதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

வெளியே போகும் கதவு

ஈகிளினிக்கல்வொர்க்ஸ் சமரசத்தில் பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு நிபந்தனை. வேறு நிறுவனத்துக்குப் போக விரும்பும் வாடிக்கையாளரின் தரவை, அபராதமோ சேவைக் கட்டணமோ இல்லாமல் மாற்றித் தர வேண்டும். கிரீன்வேக்கும் இதே நிபந்தனை. அரசு இதைத் தண்டனையாக விதிக்க வேண்டியிருந்தது என்றால், மற்ற நேரத்தில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.

2016 டிசம்பரில் வந்த 21ஆம் நூற்றாண்டு சிகிச்சைகள் சட்டம் தகவலைத் தடுத்து வைப்பதைத் தடை செய்தது. மென்பொருள் நிறுவனம் மீறினால் ஒரு மீறலுக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதம். அதன் அமலாக்கம் 2023 செப்டம்பரில்தான் தொடங்கியது. சான்றிதழ் பெற்ற மென்பொருள் ஒரு நோயாளியின் பதிவை மட்டுமல்ல, கிளினிக்கின் எல்லா நோயாளிகளின் பதிவையும் மொத்தமாக வெளியே எடுத்துத் தரும் வசதியை 2023 டிசம்பர் 31க்குள் தர வேண்டும் என்றும் விதி வந்தது. பிராக்டிஸ் ஃபியூஷன் காலத்து டாக்டர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பு இது.

இதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. எடுத்துத் தரும் கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வடிவத்தின் விளக்கத்தைப் பொதுவெளியில் வைத்தால் போதும். பழைய நிறுவனம் சட்டப்படி எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்திருக்கும். புது நிறுவனம் அதில் பெயர், பிறந்த தேதி, மருந்துப் பட்டியலை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, பத்து வருட டாக்டர் குறிப்புகளைப் பிடிஎஃப் மூட்டையாகக் கட்டி ஓரத்தில் வைத்துவிடும்.

ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் செய்து பார்க்கக் கூடியது ஒன்று உண்டு. டெமோவில் நான்கைந்து போலி நோயாளிகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்: ஒருவருக்கு அலர்ஜி, ஒருவருக்கு ஸ்கேன் செய்த பழைய ரிப்போர்ட், ஒருவருக்கு மூன்று முறை டோஸ் மாற்றிய மருந்து. அவர்களை மொத்தமாக ஏற்றுமதி செய்து கோப்பைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை, மறுநாள் டெமோவுக்கு வரும் போட்டி நிறுவனத்தின் விற்பனையாளரிடம் நீட்டி, இதைத் திறந்து உங்கள் திரையில் காட்டுங்கள் என்று கேளுங்கள். டோஸ் மாற்றம் மூன்றும் தேதியோடு வந்திருக்கிறதா என்று பில்லிங் பார்ப்பவரும் நர்ஸும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அறிவுறுத்தல் பெட்டி ஏதாவது எழுந்தால் அதன் மூலத்தைத் திறந்து, நிதி கொடுத்தவர் என்ற வரியில் என்ன இருக்கிறது என்பதையும் அப்போதே படித்துவிடலாம்.